அரசுத் தகவல் கசிவும் இடித்துரைப்பும்

அரசுத் தகவல் கசிவு என்பது, அரசின் பொறுப்பில் உள்ள, வெளியிடப்படாத ஆவணம் அல்லது செய்தி, அதனை வெளியிடும் அதிகாரம் இல்லாத ஒருவரால் வெளியாருக்குத் தரப்படுவதைக் குறிக்கும். ஊழல், சட்ட மீறல், மக்களின் உயிருக்கும் உடல்நலத்துக்கும் நேரும் கேடு ஆகியவற்றை அறிவிக்கும் நோக்கில் ஒருவர் இவ்வாறு செய்யும்போது அவர் இடித்துரைப்பாளர் எனப்படுகிறார். ஆங்கில வழக்கைப் பின்பற்றி விசில்புளோயர் என்றும் செய்தித்தாள்கள் எழுதுவதுண்டு. ஆனால் அதே செயல் இந்தியச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றமாகவும் இருக்கலாம். எனவே அரசுத் தகவலை வெளியிடுபவரை இடித்துரைப்பாளராகக் கொள்வதா, குற்றவாளியாகக் கொள்வதா என்பது நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருகிறது.

இக்கட்டுரை இந்தியச் சட்ட நிலையையும், தமிழ்நாட்டின் பழனி மலைப் பகுதியில் அரசு ஆணையையும் தொழிற்சாலை மாசையும் பொதுமக்கள் கேள்விக்குள்ளாக்கிய இரு நிகழ்வுகளையும், இந்தியாவிலும் பிற நாடுகளிலும் நடந்த தகவல் கசிவு வழக்குகளையும், இரு தரப்பு வாதங்களையும் விளக்குகிறது.

சொல்லும் பொருளும்

ஆட்சி செய்பவரின் தவற்றைச் சுட்டிக்காட்டிக் கண்டிப்பதை இடித்துரைத்தல் என்பது தமிழ் மரபு. திருக்குறளின் 'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரம், இவ்வாறு கண்டிப்பவர் இல்லாத அரசன் பகைவர் எவரும் இன்றியே கெடுவான் என்னும் கருத்தைக் கூறுகிறது. அதே நூலில் அரசு மறைவாகச் செய்தி திரட்டுவது பற்றிய 'ஒற்றாடல்' என்னும் அதிகாரமும் உள்ளது. அரசுக்கு மறைபொருள் தேவை என்பதும், அரசைக் கண்டிப்பவர் தேவை என்பதும் ஒரே நூலில் இடம்பெற்றிருப்பது குறிப்பிடத்தக்கது.

இத்துறையில் மூன்று செயல்களை வேறுபடுத்திக் காண்பது வழக்கம்.

- உளவு: பணத்துக்காகவோ பிற நாட்டின் நலனுக்காகவோ தகவலை மறைவாகக் கொடுத்தல்.
- கசிவு: அதிகாரமின்றித் தகவலைப் பத்திரிகைக்கோ பிறருக்கோ தருதல். இதன் நோக்கம் நல்லதாகவும் இருக்கலாம். அரசியல் ஆதாயமாகவும் இருக்கலாம்.
- இடித்துரைப்பு: முறைகேட்டைத் தடுக்கும் நோக்கில், அதுபற்றிய தகவலை உரிய அமைப்பிடமோ, அது பயன்தராதபோது பொதுமக்களிடமோ தெரிவித்தல்.

இடித்துரைப்புக்குக் கசிவு கட்டாயமன்று. மேலதிகாரிக்கோ கண்காணிப்பு ஆணையத்துக்கோ முறைப்படி புகார் அளிப்பவரும் இடித்துரைப்பாளரே.

இந்தியச் சட்ட நிலை

அலுவல் இரகசியச் சட்டம், 1923

பிரித்தானிய ஆட்சிக் காலத்தில் 1889 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின் தொடர்ச்சியாக 1923 இல் இச்சட்டம் உருவானது. விடுதலைக்குப் பின்னரும் இது நீடித்தது. இதன் 3 ஆம் பிரிவு உளவைப் பற்றியது. பாதுகாப்புத் துறை தொடர்பான உளவுக்கு 14 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். 5 ஆம் பிரிவு, அலுவல் வழியாகக் கிடைத்த இரகசியத் தகவலை அதிகாரமின்றிப் பிறருக்குத் தருவதைப் பற்றியது. இதற்கு 3 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். தருபவர் மட்டுமின்றி, தெரிந்தே பெறுபவரும் குற்றம் செய்தவராவார்.

'இரகசியம்' என்ற சொல்லுக்கு இச்சட்டத்தில் வரையறை இல்லை. பொதுநலனுக்காக வெளியிட்டேன் என்று கூறித் தப்புவதற்கான விதிவிலக்கும் இல்லை. வீரப்ப மொய்லி தலைமையிலான இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2006 இல் இச்சட்டத்தை நீக்கவும், உளவு தொடர்பான பிரிவுகளைத் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்க்கவும் பரிந்துரைத்தது. பரிந்துரை ஏற்கப்படவில்லை.

இதைத் தவிர, 1964 ஆம் ஆண்டின் மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளும், 1973 ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளும் அலுவலக ஆவணங்களை அனுமதியின்றி வெளியாருக்குத் தருவதைத் தடை செய்கின்றன. குற்ற வழக்கு தொடரப்படாவிடினும், துறை நடவடிக்கை மூலம் ஓர் ஊழியர் வேலையை இழக்கலாம்.

தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005

தமிழ்நாடு 1997 இலேயே மாநில அளவில் தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது. எனினும் அதில் விலக்குகள் மிகுதியாக இருந்தன. 2005 ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம், தகவல் தருவதை விதியாகவும் மறுப்பதை விலக்காகவும் ஆக்கியது. இதன் 8(2) ஆம் பிரிவின்படி, அலுவல் இரகசியச் சட்டத்தில் எது கூறப்பட்டிருந்தாலும், வெளியிடுவதால் விளையும் பொதுநலன் கேட்டைவிட மிகுதியானால் தகவலைத் தரலாம். இரு சட்டங்களும் முரண்படும் இடத்தில் தகவல் உரிமைச் சட்டமே மேலோங்கும் என்று 22 ஆம் பிரிவு கூறுகிறது.

ஆனால் இவ்வுரிமை தகவலைக் கேட்கும் குடிமகனுக்கும் அதைத் தரும் பொதுத் தகவல் அலுவலருக்கும் இடைப்பட்டது. யாரும் கேட்காமல் தாமாக ஆவணத்தை வெளியிடும் ஊழியருக்கு இது காப்பளிப்பதில்லை.

இடித்துரைப்பாளர் பாதுகாப்புச் சட்டம், 2014

தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் பொறியாளர் சத்தியேந்திர துபே, தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் நடந்த முறைகேடுகள் குறித்து 2002 இல் பிரதமர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று அதில் கேட்டிருந்தார். கடிதம் அவர் பெயருடனேயே பல அலுவலகங்களுக்குச் சென்றது. 2003 நவம்பர் 27 அன்று அவர் பீகார் மாநிலம் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இதையடுத்து 2004 ஏப்ரலில் மத்திய அரசு ஒரு தீர்மானத்தின் மூலம் மத்தியக் கண்காணிப்பு ஆணையத்தைப் புகார் பெறும் அமைப்பாக நியமித்தது. பின்னர் 2014 இல் இடித்துரைப்பாளர் பாதுகாப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அலுவல் இரகசியச் சட்டத்தில் எது கூறப்பட்டிருந்தாலும் உரிய அமைப்பிடம் புகார் அளிக்கலாம் என்பது இதன் முக்கியக் கூறு. புகார் அளிப்பவரின் அடையாளத்தை வெளியிடுபவருக்கு 3 ஆண்டுகள் வரையும், தெரிந்தே பொய்ப்புகார் அளிப்பவருக்கு 2 ஆண்டுகள் வரையும் சிறைத்தண்டனை உண்டு. பெயரில்லாப் புகார்கள் ஏற்கப்படா. பத்திரிகைகளுக்குத் தகவல் தருவது இச்சட்டத்தின் பாதுகாப்புக்குள் வராது.

இறையாண்மை, பாதுகாப்பு உள்ளிட்ட பொருள்கள் பற்றிய புகார்களை விலக்கும் திருத்த மசோதா 2015 இல் மக்களவையில் நிறைவேறி, பின்னர் காலாவதியானது. சட்டம் இயற்றப்பட்டுப் பத்தாண்டுகள் கடந்த பின்னும் அதனை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கை வெளியிடப்படவில்லை. எனவே தண்டிக்கும் சட்டம் நடைமுறையில் உள்ளது. காக்கும் சட்டம் ஏட்டளவில் உள்ளது.

பழனி மலைப் பகுதி நிகழ்வுகள்

பழனி மலை மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குக் கிளை ஆகும். இதில் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த கொடைக்கானல் அமைந்துள்ளது. சோலைக்காடுகளும் ஓடைகளும் நிறைந்த இம்மலை, சமவெளி ஆறுகளின் நீர்ப்பிடிப்புப் பகுதியாகும். இங்கு விதிமீறிய கட்டடமும் ஆலைக் கழிவும் மலையடிவார மக்களையும் பாதிக்கக்கூடியவை. 1985 இல் தொடங்கப்பட்ட பழனி மலைப் பாதுகாப்புக் குழு என்னும் தன்னார்வ அமைப்பு இத்தகைய சிக்கல்களில் ஈடுபட்டு வந்தது. பின்வரும் இரு நிகழ்வுகளிலும் அரசு இரகசியம் எதுவும் கசியவில்லை. ஆயினும் பொதுமக்களுக்குத் தேவையான தகவல் எவ்வாறு வெளிவருகிறது என்பதை இவை காட்டுகின்றன.

பிளசன்ட் ஸ்டே விடுதி வழக்கு

கொடைக்கானலில் பிளசன்ட் ஸ்டே என்னும் தங்கும் விடுதி, அனுமதிக்கப்பட்டதைவிடக் கூடுதலான தளங்களுடன் கட்டப்பட்டது. மலைப்பகுதிக் கட்டட விதிகளிலிருந்து அதற்கு விலக்களித்து அரசு ஆணை பிறப்பிக்கப்பட்டது. பழனி மலைப் பாதுகாப்புக் குழு நீதிமன்றத்தை அணுகியது. வழக்கு 1995 இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

விலக்கு அளித்தது தொடர்பாகப் பின்னர் தொடரப்பட்ட குற்ற வழக்கில், முன்னாள் முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதாவுக்கு 2000 பிப்ரவரி 2 அன்று சென்னைச் சிறப்பு நீதிமன்றம் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அன்று நடந்த போராட்டங்களின்போது தருமபுரியில் பேருந்துக்குத் தீ வைக்கப்பட்டு, கல்விச் சுற்றுலா சென்றிருந்த தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவியர் மூவர் உயிரிழந்தனர். 2001 டிசம்பர் 4 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை இவ்வழக்கிலிருந்து விடுவித்தது.

கொடைக்கானல் பாதரச மாசு

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இருந்த தெர்மாமீட்டர் ஆலை ஒன்று 1980களின் முற்பகுதியில் கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டது. பாண்ட்ஸ் நிறுவனத்துக்கு உரியதாக இருந்த இது, நிறுவன இணைப்பின் மூலம் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வசம் வந்தது. ஆலை பாம்பாறு சோலையை ஒட்டிய மலைமுகட்டில் இருந்தது. பாதரசம் அறை வெப்பநிலையிலேயே ஆவியாகக்கூடியது. அந்த ஆவியைத் தொடர்ந்து சுவாசிப்பது நரம்பு மண்டலத்தையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். நீர்நிலைகளில் சேரும் பாதரசம் மீன்களின் உடலில் திரண்டு, அவற்றை உண்பவரையும் வந்தடையும்.

2001 மார்ச் மாதத்தில் கொடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதியில் உள்ள ஒரு பழைய பொருள் கடையில், பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடிக் கழிவு கிடப்பதை ஊர்மக்களும், பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும், கிரீன்பீஸ் அமைப்பும் வெளிப்படுத்தினர். கழிவு 7 டன்னுக்கு மேற்பட்டது என்று இயக்கத்தினர் கூறினர். நிறுவனம் அதைவிடக் குறைவான அளவைக் கூறியது. தன் நடைமுறைகளை மீறிக் கழிவு வெளியே சென்றதை ஏற்றுக்கொண்ட நிறுவனம், அதே மாதம் ஆலையின் உற்பத்தியை நிறுத்தியது. 2003 இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது.

ஆலையின் உள்ளே வேலை நடந்த முறை பற்றி வெளியுலகம் அறிந்ததில் முன்னாள் தொழிலாளர்களின் வாய்மொழிக்குப் பெரும் பங்கு உண்டு. அவர்கள் 2006 இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். பணியிடப் பாதரசத்தால் உடல்நலக் கேடு ஏற்படவில்லை என்பதே நிறுவனத்தின் நிலைப்பாடாக இருந்தது. 2016 மார்ச் மாதத்தில் 591 முன்னாள் தொழிலாளர்களுடனும் அவர்தம் குடும்பத்தினருடனும் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. பொறுப்பை ஏற்காமல், மனிதநேய அடிப்படையில் தரப்படும் தொகை என்று அது குறிப்பிடப்பட்டது.

இந்நிகழ்வுகளின் பொருத்தம்

விடுதி வழக்கில் கேள்விக்குள்ளான அரசு ஆணை மறைக்கப்பட்ட ஆவணம் அன்று. அதனால் யாரும் கோப்பைத் திருடாமலேயே அதனை நீதிமன்றத்தில் எதிர்க்க முடிந்தது. பாதரச நிகழ்வில் சான்று கடையின் முற்றத்திலேயே கிடந்தது. அதைச் சுட்டிக்காட்டியவர்கள் ஊர்மக்கள்; அவர்கள் எந்த இரகசியக் காப்பு உறுதிமொழியும் எடுத்தவர்கள் அல்லர்.

கழிவு கடைக்கு வராமல், ஓர் ஆய்வு அறிக்கையில் மட்டும் பதிவாகி அரசு அலுவலகக் கோப்பில் இருந்திருந்தால் நிலை வேறாகியிருக்கும். அக்காலத்தில் 2005 ஆம் ஆண்டின் சட்டம் இல்லை. அறிக்கையைக் கண்ட ஓர் எழுத்தர் அதன் படியை ஊர்மக்களிடம் தந்திருந்தால், பாதுகாக்கப்படும் தண்ணீர் ஒன்றே ஆனாலும், ஊர்மக்கள் சமூக ஆர்வலர்கள் என்றும் எழுத்தர் விதியை மீறியவர் என்றும் கருதப்பட்டிருப்பர். இவ்வேறுபாட்டை உண்டாக்குவது தகவலின் தன்மை அன்று; அது எங்கே வைக்கப்பட்டிருந்தது என்பதே.

இந்தியாவில் பிற நிகழ்வுகள்

- குமார் நாராயண் வழக்கு (1985): பிரதமர் அலுவலகம் உள்ளிட்ட இடங்களின் ஆவணங்களைக் கீழ்நிலை ஊழியர்கள் படியெடுத்து ஓர் இடைத்தரகருக்குத் தந்தனர். அவர் அவற்றை அயல்நாட்டுத் தூதரகத்தினருக்கு விற்றார். பிரதமரின் முதன்மைச் செயலாளரும் பின்னாளில் தமிழ்நாட்டு ஆளுநருமான பி. சி. அலெக்சாண்டர் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். பணத்துக்காக நடந்ததால் இது தெளிவான உளவுக் குற்றமாகக் கருதப்படுகிறது.

- நம்பி நாராயணன் (1994): நாகர்கோவிலில் பிறந்த இந்த இசுரோ அறிவியலாளர், ஏவூர்தி இரகசியங்களை விற்றதாக அலுவல் இரகசியச் சட்டத்தின் கீழ் கேரளக் காவல்துறையால் கைது செய்யப்பட்டார். குற்றச்சாட்டு பொய் என்று மத்தியப் புலனாய்வுத் துறை 1996 இல் கண்டது. 2018 இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 50 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது.

- இப்திகார் கிலானி (2002): இதழாளரான இவரது கணினியில் இருந்த ஆவணத்துக்காகத் தில்லியில் கைதாகி ஏழு மாதங்கள் சிறையில் இருந்தார். அந்த ஆவணம் இணையத்தில் எவரும் பெறக்கூடியது என்று தெரிந்தபின், 2003 சனவரியில் வழக்கு திரும்பப் பெறப்பட்டது.

- மதுரை கிரானைட் அறிக்கை (2012): மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த உ. சகாயம், சட்டவிரோதக் கிரானைட் வெட்டியெடுப்பால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று 2012 மே மாதத்தில் மாநில அரசுக்கு அறிக்கை அனுப்பினார். விரைவில் அவர் இடமாற்றம் செய்யப்பட்டார். சில மாதங்களில் அறிக்கையின் விவரங்கள் செய்தித்தாள்களில் வெளியாகி, அரசு நடவடிக்கை தொடங்கியது. 2014 இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரையே விசாரணை அலுவலராக நியமித்தது.

- ரஃபேல் ஆவணங்கள் (2019): பிரான்சிடமிருந்து 36 போர் விமானங்கள் வாங்கும் ஒப்பந்தம் குறித்த பாதுகாப்பு அமைச்சக ஆவணங்களைச் சென்னையிலிருந்து வெளிவரும் 'தி இந்து' நாளிதழில் என். ராம் வெளியிட்டார். ஆவணங்கள் திருடப்பட்டவை என்று 2019 மார்ச் 6 அன்று உச்ச நீதிமன்றத்தில் அரசின் தலைமை வழக்கறிஞர் கூறினார். மூல ஆவணங்கள் களவு போகவில்லை, படிகளே பயன்படுத்தப்பட்டன என்று பின்னர் விளக்கினார். வெளியான ஆவணங்களை நீதிமன்றம் பார்க்கக்கூடாது என்ற அரசின் மறுப்பை மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு ஏப்ரல் 10 அன்று தள்ளுபடி செய்தது. எனினும் ஒப்பந்தம் குறித்த மறுஆய்வு மனுக்கள் நவம்பர் 14 அன்று தள்ளுபடியாயின. ஆவணம் வெளியான முறையும், அது எதை நிறுவுகிறது என்பதும் தனித்தனிக் கேள்விகள் என்பதற்கு இவ்வழக்கு சான்றாகும்.

பிற நாடுகளில்

அமெரிக்காவில் டேனியல் எல்சுபெர்க் 1971 இல் வியட்நாம் போர் குறித்த சுமார் 7,000 பக்க இரகசிய ஆய்வைப் பத்திரிகைகளுக்குத் தந்தார். செய்தித்தாள்கள் அதனை வெளியிடுவதைத் தடுக்க அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மறுத்தது. அவர் மீதான வழக்கு, அரசின் சொந்த முறைகேடுகளால் 1973 இல் கைவிடப்பட்டது. படைத்துறை ஆவணங்களையும் தூதரகக் கடிதங்களையும் விக்கிலீக்ஸ் தளத்துக்குத் தந்த செல்சியா மானிங் 2013 இல் 35 ஆண்டுகள் சிறைத்தண்டனை பெற்றார். அது குறைக்கப்பட்டு 2017 இல் விடுதலையானார். அமெரிக்க உளவுத்துறையின் பெருந்திரள் கண்காணிப்பை 2013 இல் வெளிப்படுத்திய எட்வர்ட் சுனோடன் உருசியாவில் தங்கி, 2022 இல் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றார். அவர் வெளிப்படுத்திய தொலைபேசிப் பதிவுத் திட்டம் சட்டத்துக்கு மாறானது என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2020 இல் கூறியது. ஆயினும் அவர் மீதான குற்றச்சாட்டு நீக்கப்படவில்லை.

இந்தியச் சட்டத்தின் தாயகமான பிரித்தானியாவில், பாக்லாந்துப் போரின்போது பெல்கிரானோ கப்பல் மூழ்கடிக்கப்பட்டது பற்றிய ஆவணங்களை நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு அனுப்பிய அதிகாரி கிளைவ் பாண்டிங்கை 1985 இல் நடுவர் குழு விடுவித்தது. அதன்பின் 1989 இல் இயற்றப்பட்ட புதிய சட்டம், பொதுநலன் என்னும் எதிர்வாதத்துக்கு இடமளிக்கவில்லை.

குற்றமே என்னும் தரப்பின் வாதங்கள்

- எதை மறைக்க வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசே தீர்மானிக்க வேண்டும். ஒவ்வோர் ஊழியரும் தம் மனச்சான்றின்படி தீர்மானித்தால் நிர்வாகம் நடவாது.
- ஓர் ஆவணத்தின் வெளிப்பாடு யாரை ஆபத்துக்குள்ளாக்கும் என்பதை அதைக் கசியவிடுபவர் முழுமையாக அறிய இயலாது.
- நன்னோக்கம் என்பது பின்னர் எளிதில் கூறக்கூடியது. போட்டி அதிகாரிகளும் ஒப்பந்தக்காரர்களும் ஆதாயத்துக்காகக் கசியவிடுவதும் உண்டு.
- கண்காணிப்பு ஆணையம், நீதிமன்றம், தகவல் ஆணையம் போன்ற வழிகள் இருக்கும்போது சட்டத்தை மீறத் தேவையில்லை.

இடித்துரைப்பே என்னும் தரப்பின் வாதங்கள்

- அரசின் செயல்களை அறியும் உரிமை மக்களுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1975 இல் ராஜ் நாராயண் வழக்கில் கூறியது.
- இரகசிய முத்திரை, நாட்டின் பாதுகாப்பைக் காப்பதற்கு மட்டுமின்றி அதிகாரிகளின் தவற்றை மறைப்பதற்கும் பயன்படுகிறது.
- முறையான வழி எப்போதும் பாதுகாப்பானதன்று. துபே முறையான வழியிலேயே எழுதினார்.
- உயர்நிலையினர் தமக்கு வேண்டிய செய்தியைக் கசியவிடும்போது வழக்குத் தொடரப்படுவது அரிது. சட்டம் பெரும்பாலும் கீழ்நிலையினர் மீதே பாய்கிறது.

வேறுபடுத்தும் அளவுகோல்கள்

ஒரு குறிப்பிட்ட நிகழ்வை மதிப்பிடப் பின்வரும் கேள்விகள் உதவும். 2013 இல் வெளியிடப்பட்ட சுவானே கோட்பாடுகளும், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 ஆம் ஆண்டு நெறிமுறையும் இவற்றை ஒத்த அளவுகோல்களைக் கொண்டுள்ளன.

1. வெளியான தகவல் முறைகேட்டையோ பொதுமக்களுக்கான ஆபத்தையோ காட்டுகிறதா?
2. முறையான வழி இருந்ததா? அது முதலில் நாடப்பட்டதா? நாடுவது பாதுகாப்பாக இருந்ததா?
3. தேவையான அளவு மட்டும் வெளியிடப்பட்டதா, கையில் கிடைத்த அனைத்துமா?
4. யாரிடம் தரப்பட்டது? பணமோ வேறு ஆதாயமோ பெறப்பட்டதா?
5. வெளியீட்டால் விளைந்த நன்மை, அதனால் நேர்ந்த கேட்டைவிட மிகுதியா?

இவற்றின்படி நோக்கினால் குமார் நாராயண் வழக்கு ஒரு முனையிலும், துபேயின் கடிதம் மறு முனையிலும் நிற்கின்றன. மானிங், சுனோடன் போன்றோரின் செயல்கள் இடைப்பட்டவை. அவற்றின் ஒரு பகுதி இடித்துரைப்பாகவும் மறு பகுதி அளவு மீறியதாகவும் மதிப்பிடப்படுவதுண்டு. இந்தியாவின் 1923 ஆம் ஆண்டுச் சட்டம் இக்கேள்விகளில் பெரும்பாலானவற்றைக் கேட்பதில்லை. வெளியிட அதிகாரம் இருந்ததா என்பதையே அது முதன்மையாகக் கேட்கிறது. ஆகவே ஒருவர் இடித்துரைப்பாளரா குற்றவாளியா என்பது, பாதுகாப்பான முறையான வழி அவருக்குத் திறந்திருந்ததா என்பதையும் பெரிதும் சார்ந்துள்ளது. கொடைக்கானலில் நிகழ்ந்ததுபோல் ஆணைகளும் சான்றுகளும் மக்கள் கண்முன் இருக்கும் இடங்களில் கசிவுக்கான தேவையே குறைகிறது.

இவற்றையும் பார்க்கவும்

- தகவல் பெறும் உரிமைச் சட்டம்
- அலுவல் இரகசியச் சட்டம்
- மத்தியக் கண்காணிப்பு ஆணையம்
- கொடைக்கானல்
- பழனி மலை
- சத்தியேந்திர துபே
- விக்கிலீக்ஸ்